இரத்தத்தில் சீனி: உங்கள் இலக்கு எவ்வளவு?

கோயிலிலோ கல்யாண வீட்டிலோ நம்மவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் இனிப்பு நீரில் வந்து நிற்கும். "சீனி எவ்வளவு இருக்கு?" என்று ஒருவர் கேட்பார். "காலையில ஏழு" என்று பதில் வரும். "ஏழா? எனக்கு அஞ்சுதான்!" என்று பக்கத்தில் இருப்பவர் பெருமையோடு சொல்வார். ஏழு என்று சொன்னவரின் முகம் சுருங்கிவிடும். பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் போல அவர் தலைகுனிந்து கொள்வார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏழு சொன்னவர் மிகச் சரியான பாதையில் இருக்கக்கூடும். ஐந்து சொன்னவர் ஆபத்தின் விளிம்பில் நின்று கொண்டிருக்கக்கூடும். அவருக்கு என்ன வயது, எத்தனை ஆண்டுகளாக நோய் இருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறார், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று எதுவுமே தெரியாமல் வெறும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் யாரையும் எடை போட முடியாது. சட்டையை அவரவர் உடம்புக்கு அளந்து தைப்பதுபோல, சீனியின் இலக்கையும் அளந்துதான் வைக்க வேண்டும் என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. குறைந்தது என்றாலும், ஆறு பேரில் ஒருவருக்கு என்ற கணக்கு இன்னும் பயமுறுத்தக்கூடியதுதான். 2019ஆம் ஆண்டு ஆய்வில் மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடையேதான் இந்நோய் மிக அதிகமாகக் காணப்பட்டது. சிங்கப்பூரோ 2016ஆம் ஆண்டிலேயே நீரிழிவின் மீது போர் என்று அறிவித்துவிட்டது. ஆகவே, எண்களைப் பற்றிய இந்தப் பேச்சு ஏதோ ஒரு சிலருக்கான பேச்சு அல்ல.

ஒரே வீடு, மூன்று பேர்

கிள்ளானில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். அந்த வீட்டில் மூவருக்குச் சீனி பார்க்கப்படுகிறது. பாட்டிக்கு வயது 78. இருபது ஆண்டுகளாக இனிப்பு நீர். சிறுநீரகம் சற்று பலவீனமாகிவிட்டது. கிளிக்லசைட் மாத்திரையும் இரவில் இன்சுலின் ஊசியும் போட்டுக் கொள்கிறார். அவருடைய மகனுக்கு வயது 50; லோரி ஓட்டுநர். போன ஆண்டுதான் அவருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மெட்ஃபோர்மின் மாத்திரை மட்டும் எடுத்துக் கொள்கிறார். பேத்திக்கு வயது 26. ஆறு மாதக் கர்ப்பிணி. கர்ப்பம் தரித்த பிறகுதான் சீனி ஏறியிருக்கிறது.

அலமாரியில் சீனி பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறது. (மூவரும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விரலைக் குத்தும் ஊசியையும் ஊசி பொருத்தும் பேனாவையும் ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் தொடவே கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி அந்த வழியாகப் பரவக்கூடும். வீட்டு ஆட்கள்தானே என்ற சலுகை கிருமிக்குத் தெரியாது.)

அந்தக் கருவியில் ஒரு காலை வேளையில் மூவருக்குமே 6.2 என்று காட்டுகிறது என்றால், மூன்று பேருக்கும் அதன் அர்த்தம் வேறு. மகனுக்கு அது நல்ல செய்தி. பேத்திக்கு அது கூடுதல். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அளவு. பாட்டிக்கு அது போதும், அதற்குக் கீழே போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரே எண், மூன்று பதில்கள்.

இரண்டு வகை ஏழு

இலக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன், எந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். நம்மிடையே உள்ள குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

விரலைக் குத்திப் பார்க்கும்போது வருவது அந்த நேரத்துச் சீனி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது மில்லிமோல் கணக்கில் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் "எனக்கு நூத்தி நாப்பது" என்று சொல்லும்போது இங்கே இருப்பவர் பதறிவிடுகிறார். அங்கே மில்லிகிராம் கணக்கு. நம்முடைய எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் வந்துவிடும். இங்குள்ள 7 அங்கே 126. இங்குள்ள 10 அங்கே 180. அவருடைய 140 என்பது இங்கே 7.8 ஆகும். பதற வேண்டியதில்லை.

மற்றொன்று எச்பிஏ1சி என்ற பரிசோதனை. கிளினிக்கில் கையிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்ப்பது இது. இரத்தத்தில் சீனி மிதந்து கொண்டிருக்கும்போது அதில் ஒரு பகுதி சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக் கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். எனவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சீனி சராசரியாக எப்படி இருந்தது என்பது தெரிந்துவிடும். அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் ஏறக்குறைய பாதி.

கிளினிக்குக்குப் போகும் நாளை நாட்காட்டியில் பார்த்து, அதற்கு முந்தைய மூன்று நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடித்து, காலைச் சீனியை ஐந்தரைக்குக் கொண்டு வந்து டாக்டரிடம் நல்ல பெயர் வாங்குபவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. எச்பிஏ1சி அந்த மூன்று நாளைக் கண்டு ஏமாறுவதில்லை. தீபாவளி முறுக்கும் அதிரசமும் அதில் பதிவாகித்தான் இருக்கும்.

இந்தப் பரிசோதனையின் விடை விழுக்காட்டில் வரும். 7 விழுக்காடு என்றால் சராசரிச் சீனி ஏறத்தாழ 8.6 மில்லிமோல். 8 விழுக்காடு என்றால் 10.2. ஆக, கருவியில் தெரியும் ஏழும் எச்பிஏ1சியில் வரும் ஏழும் ஒன்றல்ல. "டாக்டர் ஏழுக்குக் கீழே இருக்கணும்னு சொன்னாரு" என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கருவியில் 8.2 வந்ததும் பயந்து அடுத்த வேளை உணவைத் தவிர்த்துவிடுபவர்கள் உண்டு. டாக்டர் சொன்னது விழுக்காட்டு ஏழை. இவர் துரத்துவதோ வேறு ஏழை.

ஏழு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், இன்சுலினை மட்டுமே நம்பி வாழும் முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 1,441 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் எச்பிஏ1சியை ஏறத்தாழ 7க்குக் கொண்டு வந்தனர். மற்றப் பிரிவினர் அக்காலத்து வழக்கமான சிகிச்சையில் 9 அளவில் இருந்தனர். 1993இல் முடிவு வெளியானபோது, ஏழில் இருந்தவர்களிடையே கண் விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றுவது 76 விழுக்காடு குறைந்திருந்தது. அதே சமயம் சீனி மிகவும் தாழ்ந்து பிறர் உதவி தேவைப்படும் நிலை அவர்களுக்கு மூன்று மடங்கு அதிகமாக நேர்ந்தது. அந்த இரண்டாவது செய்தியைப் பலர் மறந்துவிட்டார்கள்.

நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. அதைப் பற்றிய பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்து 1998இல் வெளியானது. புதிதாக நோய் கண்டவர்களில் தீவிர சிகிச்சை பெற்றவர்கள் 7.0 விழுக்காட்டிலும் மற்றவர்கள் 7.9 விழுக்காட்டிலும் இருந்தனர். வித்தியாசம் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனாலும் கண், சிறுநீரகம் போன்ற சிறு இரத்தக் குழாய்களைச் சார்ந்த பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்தன. ஆய்வு முடிந்து பத்தாண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தபோது, இரு பிரிவினரின் சீனியும் ஒரே அளவுக்கு வந்துவிட்டிருந்தும், ஆரம்பத்தில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாகவே இருந்தன. தொடக்க ஆண்டுகளில் போட்ட முதல் பிற்காலத்தில் வட்டியோடு திரும்பி வந்தது எனலாம்.

இவ்வளவு தெரிந்த பிறகு யாருக்கும் ஓர் எண்ணம் வருவது இயல்பு. ஏழு நல்லதென்றால் ஆறு இன்னும் நல்லதுதானே?

அதைத்தான் மருத்துவர்களும் நினைத்தார்கள். அக்கார்ட் என்ற ஆய்வு அதைச் சோதிக்கவே தொடங்கப்பட்டது. 10,251 பேர், சராசரி வயது 62, பலருக்கு நோய் வந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன, எல்லாருக்குமே இருதய நோயோ அது வருவதற்கான அறிகுறிகளோ இருந்தன. ஒரு பிரிவுக்கு 6 விழுக்காட்டுக்குக் கீழே என்று இலக்கு வைத்து, மாத்திரைக்கு மேல் மாத்திரை, ஊசிக்கு மேல் ஊசி என்று கொடுத்துச் சீனியை இறக்கினார்கள். மற்றப் பிரிவுக்கு இலக்கு 7.0 முதல் 7.9 வரை. இருதயம் காப்பாற்றப்படும் என்று எதிர்பார்த்த இடத்தில் நடந்தது வேறு. தீவிரப் பிரிவில் 257 பேர் இறந்திருந்தார்கள். மற்றப் பிரிவில் 203 பேர். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்தத் தீவிர சிகிச்சையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இறந்தார்கள்? சீனி தாழ்ந்து போனதாலா, மருந்துகளின் எண்ணிக்கையாலா, வேகமாக இறக்கியதாலா என்று பல கோணங்களில் அலசியும் இதுதான் காரணம் என்று ஒரே குரலில் முடிவு சொல்லப்படவில்லை. அதே ஆண்டு வெளியான அட்வான்ஸ் என்ற மற்றோர் ஆய்வில் 11,140 பேர் பங்கேற்றனர். அதில் சீனியை மெதுவாக 6.5 வரை இறக்கினார்கள். மரணம் கூடவில்லை, சிறுநீரகப் பாதிப்பும் குறைந்தது. ஆக, இறக்குவது தவறு என்று சொல்லிவிட முடியாது. யாருக்கு, எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி. 2012ஆம் ஆண்டில் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நோயாளியை நடுவில் வைத்து இலக்கை முடிவு செய்யுங்கள் என்று சொன்னதற்கு இதுவே பின்னணி.

மலேசியச் சுகாதார அமைச்சின் வழிகாட்டியும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. வயது குறைந்தவர், புதிதாக நோய் கண்டவர், இருதய நோய் இல்லாதவர், சீனி தாழும் ஆபத்து குறைந்தவர் ஆகியோருக்கு எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கும் கீழே. வயதானவர், பல நோய்கள் உள்ளவர், அடிக்கடி சீனி தாழ்ந்து போகிறவர் ஆகியோருக்கு 7.1 முதல் 8.0 வரை. இடைப்பட்டவர்களுக்கு 7 அளவில்.

பாட்டியின் இரவு

மீண்டும் கிள்ளான் வீட்டுக்கு வருவோம். பாட்டி எண்ணுக்குப் பயந்தவர். மகன் திட்டுவான், டாக்டர் முகம் சுளிப்பார் என்று இரவில் அரைத் தோசையோடு நிறுத்திக் கொள்கிறார். ஆனால் மாத்திரையையும் ஊசியையும் மட்டும் தவறாமல் போட்டுக் கொள்கிறார். மருந்து அதே அளவு, சாப்பாடு பாதி. விளைவு என்னவாகும்?

நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்குச் சீனி 3க்குக் கீழே இறங்குகிறது. உடம்பெல்லாம் வேர்வை. கெட்ட கனவு. எழுந்து கழிவறைக்குப் போகும்போது கால் தள்ளாடுகிறது. உடம்பு தானாகவே போராடிக் கல்லீரலில் இருக்கும் சீனியை வெளியே தள்ளுவதால், விடியும்போது கருவி 5.1 என்று காட்டுகிறது. "பாத்தியா, அஞ்சு!" என்று பாட்டி மகிழ்கிறார். மகனும் மகிழ்கிறார். இரவில் நடந்தது யாருக்கும் தெரியாது. கழிவறையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் வரையில் தெரியாமலே இருக்கலாம்.

வயதானவர்களுக்குச் சீனி தாழும்போது நடுக்கமும் படபடப்பும் தெளிவாகத் தெரிவதில்லை. பேச்சு குழறும், கோபம் வரும், யாரையும் அடையாளம் தெரியாமல் விழிப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும். வேர்வை மட்டும் மறையாது. காலையில் தலையணை நனைந்திருந்தால் அதை வெப்பத்தின் மேல் பழி போடாமல் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவதும் தாமதமாகும். அதனால் ஒரு மாத்திரையின் வேலை நீண்டு கொண்டே போகும்.

அடிக்கடி தாழ்ந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. உடம்பு பழகிப்போய் எச்சரிக்கை கொடுப்பதையே நிறுத்திவிடுகிறது. சில வாரங்கள் தாழாமல் பார்த்துக் கொண்டால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பி வரும் என்பது ஓர் ஆறுதல்.

பாட்டியைப் போன்றவர்களுக்குக் காலையில் உணவுக்கு முன் 5.0 முதல் 8.3 வரை, படுக்கப் போகும்போது 5.6 முதல் 10 வரை, எச்பிஏ1சி 8க்குள் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் அளவு. இங்கே மேல்வரம்பைப் போலவே கீழ்வரம்பும் முக்கியம். இலக்கு என்றாலே "இதற்கு மேல் போகக்கூடாது" என்று மட்டும் நினைக்கிறோம். "இதற்குக் கீழே போகக்கூடாது" என்ற கோட்டை யாரும் போட்டுக் கொடுப்பதில்லை. பாட்டியின் மருத்துவர் அந்தக் கோட்டைப் போட்டால், இரவு இன்சுலினைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்று அவரே முடிவு செய்வார். வீட்டில் இருப்பவர்கள் தாமாக மருந்தைக் கூட்டிக் குறைக்கக்கூடாது.

சீனி 4க்குக் கீழே இறங்கிவிட்டால், மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சாக்லெட் கொடுக்கக்கூடாது, அதில் உள்ள கொழுப்பு சீனியை மெதுவாகத்தான் ஏறவிடும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பிறகு ரொட்டியோ சோறோ கொஞ்சம் சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழைப்பதே வழி.

மகனின் கணக்கு

"அம்மாவுக்கு எட்டு இருந்தாலும் பரவாயில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எனக்கு ஏழரைதானே? நான் பரவாயில்லை!" என்று மகன் தே தாரிக் ஒன்றைக் கூடுதலாகக் குடிக்கிறார். ஆபத்து இங்கே எதிர்த்திசையில் இருக்கிறது.

அவருக்கு வயது 50. இன்னும் முப்பது ஆண்டுகள் அந்தக் கண்ணும் அந்தக் காலும் அந்தச் சிறுநீரகமும் வேலை செய்தாக வேண்டும். சீனி செய்யும் சேதம் ஒரு நாளில் வருவதல்ல. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கொண்டே வருவது. பாட்டியின் எட்டு மீதமுள்ள ஆண்டுகளை நிம்மதியாகக் கழிப்பதற்காக வைக்கப்பட்டது. மகனின் ஏழரையோ முப்பது ஆண்டுகளுக்கு ஓடப்போகும் கடன். தவிர, அவர் எடுத்துக் கொள்ளும் மெட்ஃபோர்மின் தனியாகக் கொடுக்கப்படும்போது சீனியை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. இறங்குவதற்கு அவருக்கு இடம் இருக்கிறது. 6.5 அல்லது அதற்குக் கீழே என்பதுதான் அவருக்கேற்ற இலக்கு.

நாளை அவருக்குக் கிளிக்லசைட்டோ இன்சுலினோ சேர்க்கப்பட்டால் கணக்கு மாறும். லோரி ஓட்டுபவருக்கு நெடுஞ்சாலையில் சீனி தாழ்ந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் இன்சுலின் போடுபவர்களிடம் 'ஐந்து இருந்தால்தான் ஓட்டலாம்' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வண்டியைக் கிளப்பும் முன் பார்க்க வேண்டும். ஐந்துக்குக் கீழே என்றால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். நம் ஓட்டுநர்களும் கடைப்பிடிக்கத்தக்க பழக்கம் இது.

மகன் போன்றவர்கள் உற்சாகத்தில் ஒரே மாதத்தில் சீனியைத் தடாலென்று இறக்க நினைப்பதும் உண்டு. நெடுநாள் உயர்ந்திருந்த சீனி திடீரென்று இறங்கினால், ஏற்கெனவே பழுதான விழித்திரை தற்காலிகமாக இன்னும் மோசமாகலாம். அதனால் தீவிர சிகிச்சைக்கு முன் கண்ணைச் சோதித்துக் கொள்வது நல்லது.

பேத்தியின் கதை சுருக்கமானது. ஏனென்றால் அவளுக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. காலையில் வெறும் வயிற்றில் 5.3க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 6.7க்குக் கீழே. தாயின் சீனி நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. குழந்தை தன் சொந்த இன்சுலினைச் சுரந்து அளவுக்கு மீறிப் பருக்கிறது; பிறந்தவுடன் அதன் சீனி தாழ்ந்து போகிறது. பேறு முடிந்து ஆறு வாரம் கழித்து அவள் மறுபடியும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். இதைத்தான் பலர் குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் மறந்துவிடுகிறார்கள்.

எண் பொய் சொல்லும் நேரங்கள்

எச்பிஏ1சி ஏமாறாது என்று மேலே சொன்னது முழு உண்மை அல்ல. அது சிவப்பணுவின் ஆயுளை நம்பியிருக்கும் பரிசோதனை. தலசீமியா உள்ளவர்கள், இரத்தம் ஏற்றிக் கொண்டவர்கள், சிறுநீரகம் செயலிழந்து அதற்கான ஊசி போடுபவர்கள் ஆகியோருக்கு அந்த எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இரத்தசோகை நம் பெண்களிடையே சாதாரணம். வீட்டில் பார்க்கும் எண்களுக்கும் கிளினிக் எண்ணுக்கும் பொருத்தமே இல்லையென்றால் அதை டாக்டரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

விரல் பரிசோதனையும் ஏமாற்றும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் கருவி மாம்பழத்தின் சீனியையும் சேர்த்துத்தான் சொல்லும். காய்ச்சல் நேரத்திலும், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களிலும் சீனி ஏறும். அப்போது வழக்கமான இலக்கைப் பிடித்துக்கொண்டு மனம் உடையக்கூடாது. அந்த நாட்களுக்கு மருந்து மாற வேண்டுமா என்று கேட்பதே முறை.

பரிசோதனை அட்டைகள் விலை கூடியவை. தினமும் காலையில் ஒருமுறை மட்டும் பார்த்துப் புத்தகத்தை நிரப்புவதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு வேளை உணவுக்கு முன்னும் பின்னும் இணையாகப் பார்ப்பது அதிகம் சொல்லிக் கொடுக்கும். முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் என்பது கணக்கு. இரண்டு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறிய நாளில் 6.4 என்பது 12க்குப் போனது. ஒரு ரொட்டியும் சீனி போடாத தே ஓ கோசோங்கும் எடுத்த நாளில் 9க்குள் நின்றது என்று வைத்துக் கொள்வோம். அந்த மனிதருக்கு இனி யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 8.5க்குள் இருக்க வேண்டும் என்று மலேசிய வழிகாட்டி சொல்கிறது. அமெரிக்க வழிகாட்டி 10க்குள் என்கிறது. இரண்டில் எது தனக்கு என்பதை அவர் தன் மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளலாம்.

இப்போது கையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுதும் சீனியைக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றில் இலக்கு வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒரு நாளில் 70 விழுக்காடு நேரம், அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம், சீனி 3.9க்கும் 10க்கும் இடையில் இருக்க வேண்டும். வயதானவர்களுக்குப் பாதி நேரம் இருந்தாலே போதும், ஆனால் 3.9க்குக் கீழே ஒரு விழுக்காடு நேரத்துக்கு மேல் போகக்கூடாது. அதாவது நாளுக்குக் கால் மணி நேரம்கூட இல்லை. விலை அதிகம் என்றாலும், பாட்டியின் மூன்று மணி இரவைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் மட்டும் பொருத்திப் பார்த்தாலும் பயனுண்டு.

விரத நாட்கள்

தைப்பூசத்துக்கு ஒரு வேளை உணவு, கந்த சஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் என்று விரதம் இருப்பவர்கள் நம்மில் ஏராளம். கடவுள் விஷயத்தில் டாக்டரிடம் என்ன கேட்பது என்று சொல்லாமலே இருந்து விடுவார்கள். உணவு நின்றுவிட்ட நாளில் கிளிக்லசைட்டும் இன்சுலினும் வழக்கமான அளவில் போனால் என்னவாகும் என்பதைப் பாட்டியின் இரவில் பார்த்தோம். விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட்டால், மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுப்பார்கள். விரத நாளிலும் விரலைக் குத்திப் பார்க்கலாம். 4க்குக் கீழே இறங்கினால் விரதத்தை அங்கேயே முடித்துக் கொள்ள வேண்டும். விரதம் முடிந்த கையோடு பஞ்சாமிர்தத்தைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவது வேறு கதை.

இலக்கு ஒருமுறை எழுதிவிட்டால் நிலைத்து நிற்கும் கல்வெட்டும் அல்ல. மாரடைப்பு வந்தால், சிறுநீரகம் குறைந்தால், தனியாக வாழ நேர்ந்தால், மறதி தொடங்கினால் அதை மறுபடியும் எழுத வேண்டும். இன்று 6.5இல் நிற்கும் மகன் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அம்மாவின் எட்டுக்கு வரலாம். இருதயத்தைப் பொறுத்தவரை இரத்த அழுத்தமும் கொழுப்பும் சீனிக்குச் சமமாகப் பேசப்பட வேண்டியவை என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது "என் சீனி நல்லா இருக்கா, டாக்டர்?" என்ற ஒரே கேள்வியோடு எழுந்து வந்துவிடாமல், நான்கு எண்களைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்: உணவுக்கு முன் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, எச்பிஏ1சி எவ்வளவு, எந்த எண்ணுக்குக் கீழே போனால் மருந்தைப் பற்றிப் பேச உடனே திரும்பி வர வேண்டும். டாக்டருக்கு நேரம் இல்லையென்றால் நீரிழிவுத் தாதியரிடம் கேட்கலாம். பெரிய எழுத்தில் எழுதி, பாட்டியின் தாளைப் பாட்டியின் மருந்துப் பெட்டியிலும் மகனின் தாளை லோரியின் முன்பக்கத்திலும் தனித்தனியாக ஒட்டி வைத்தால் ஒருவர் எண்ணை மற்றவர் எடுத்துக் கொள்ளும் குழப்பம் இராது.